ஓர் ஆள், ஒரு கட்டில், ஒரு சாவி

காரைக்குடி வட்டாரத்தில் என் வண்டி நிற்காத கல்யாண வாசல் கிடையாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். உழைத்தவன் பெருமைப்படாமல் வேறு யார் படுவது? ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தீர்ந்தது. பதினொரு வயதில் லாரி கிளீனர், தார்ப்பாய்தான் மெத்தை. இன்றைக்கு வேன், பஸ், கார் என்று பதினான்கு வண்டி என் பெயரைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. காசிக்கு ஆள் கூட்டிப் போயிருக்கிறேன். நாற்பது பேரைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போய், நாற்பது பேரையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து அவரவர் வாசலில் இறக்கியிருக்கிறேன். இங்கிலீஷில் என் கையெழுத்தைப் போடத் தெரியும், அதோடு சரி. அதனால் என்ன குறைந்துபோனேன்? பேச்சில் என்னை மடக்கினவர் இந்த ஜில்லாவில் ஒருவர்தான்.

அவர் கண்டனூர் ஆச்சி. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் ஊர்க்காரர்கள் அவர் மகனைப் போனில் பிடித்துக் கேலி பேசுவார்கள், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஏழெட்டு வருடத்துக்கு முந்தின சங்கதி. இப்போது ஆச்சி கோயம்புத்தூர் பக்கம் ஒரு அடுக்குமாடியில் குடியிருப்பதாகக் கேள்வி. நான் பார்த்துக் கனகாலம் ஆகிறது.

முதன்முதலில் என் அலுவலகத்துக்குள் அவர் நுழைந்தபோதே இப்படித்தான் ஆரம்பித்தார்.

"என்ன டிராவல்ஸ், நாப்பது பேரைச் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனீகளாமே?"

"ஆமா ஆச்சி. ஒருத்தர்கூடத் தொலையல."

"நீங்க தொலைஞ்சீகளா?"

"நான் எதுக்கு ஆச்சி தொலையணும்?"

"அப்ப நீங்க ஊரைப் பாக்கல. தலையை எண்ணிட்டு வந்திருக்கீக."

அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. ஒல்லியான உடம்பு. காற்றில் சாய்ந்து நடப்பதுபோல வேகமாக நடப்பார். கணவர் தவறி நான்கு வருடம் ஆகியிருந்தது. மகன் சென்னையில் பெரிய வேலையில் இருந்தான். கண்டனூரில் ஐம்பது பேர் படுக்கிற வீட்டில் இரண்டு அறையை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு ஆச்சி தனியாக இருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒத்திகையிலிருந்துதான் சொல்ல வேண்டும். எதையும் ஒருமுறை பொய்யாகச் செய்து பார்க்காமல் நிஜமாகச் செய்ய மாட்டார். வங்கியில் புது மேனேஜரிடம் பேசப் போகிறார் என்றால் முதல் நாளே வீட்டில் ஒரு நாற்காலியை எதிரே போட்டு, நாற்காலியிடம் பேசிப் பார்த்துவிடுவார். ஆச்சி என் அலுவலகப் படி ஏறுவதற்கு முந்தியே நடந்த மகன் கல்யாணத்துக்கு, மகனே பேசி எடுத்தது என் பஸ்தான். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால், கண்டனூரிலிருந்து பெண் வீடான தேவகோட்டைக்கு வெறும் பஸ்களை ஓட்டச் சொன்னார். ஓட்டினோம். பெண் வீட்டுத் தெரு முனையில் இரண்டாவது பஸ் திரும்ப முடியாமல் ஒரு சுவரை உரசி நின்றது. "பாத்தீகளா?" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதே நாளில், பரிமாறுகிறவர்களை வெறும் வாளியோடு பந்திக்குள் நடக்கவிட்டு, எத்தனை நிமிடத்தில் கடைசி இலைக்குச் சாம்பார் போய்ச் சேர்கிறது என்று பார்த்தார். கல்யாணத்தன்று ஒரு பஸ்கூட நிற்கவில்லை, ஒரு இலைகூடக் காயவில்லை.

"எல்லாத்துக்கும் ஒத்திகை பாத்தேன் அண்ணே. அவுக போனதுக்கு மட்டும்தான் பாக்கல" என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு உடனே டயர் விலை என்னவென்று கேட்டார். அப்படிப்பட்டவர்.

அந்த முதல் நாள் அவர் கேட்டு வந்தது வெளிநாட்டுப் பயணம். சென்னையில் ஒரு கம்பெனிக்காரர்கள் கூட்டமாக ஐரோப்பா கூட்டிப் போவார்கள், அவர்களுக்கு நான் இங்கிருந்து ஆள் சேர்த்துக் கொடுப்பேன். கையேட்டை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"இதென்ன, தனியா வர்ற ஆளுக்கு மட்டும் கூடுதல்?"

"ரூம் ரெண்டு பேருக்கு உள்ளது ஆச்சி. ஒருத்தரா எடுத்தா இன்னொரு ஆள் காசுல பாதியையும் சேத்துக் கட்டணும்."

கையேட்டை மடித்து மேசையில் வைத்தார். செட்டியார் குடும்பங்களின் வழக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால்தான் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி. வெளியாளான எனக்கே தெரிந்த வழக்கம் அது.

"கோயில்ல நான் அரை. ஒங்க கம்பெனியில ஒண்ணரை. நான் ஒண்ணுன்னு எங்க அண்ணே எழுதுவாக?"

நான் கையேட்டை எடுத்து இழுப்பறையில் போட்டேன். "தனியாப் போறேன். கூட்டமும் வேண்டாம், கொடி பிடிக்கிற ஆளும் வேண்டாம். டிக்கெட்டும் விசாவும் மட்டும் நீங்க பாருங்க" என்றார்.

எந்த ஊர் என்று கேட்டேன். பினாங்கு, ரங்கூன் என்று சொல்வார், போன தலைமுறை கடை வைத்த ஊர்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். மகனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். "பினாங்குக்குப் போங்க ஆத்தா, நம்ம ஆளுக இருக்காக" என்று சொன்னானாம். அதற்கு ஆச்சி சொன்ன பதிலை என்னிடமும் சொன்னார்: "நம்ம ஆளுக இருக்கிற ஊருக்குப் போறது பயணமாப்பா? அது விருந்தாடிப் போறது."

அவர் கேட்டது வேறு. ஊர் நடுவே ஆறு ஓட வேண்டும். வருஷம் முழுக்கத் தண்ணீர் இருக்க வேண்டும். அதன்மேல் நடந்து போகிற பாலம் இருக்க வேண்டும். அவர்கள் ஆட்கள் ஒருவர்கூட அங்கே இருக்கக் கூடாது. ஊருணியைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஆறு வேண்டியிருந்தது. ஆசைக்குக் காரணம் கேட்க நான் யார்? போனில் தேடித் தேடி நான்கு ஊரை அவரே பிடித்தார். ப்ராக், வியன்னா, ப்ராடிஸ்லாவா, புடாபெஸ்ட். ரயிலில் வரிசையாகப் போய்விடலாம். பதின்மூன்று நாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெறும் பக்கத்தில் நாளுக்கு ஓர் அட்டை எழுதினார்: எந்த ரயில், எத்தனையாவது பிளாட்பாரம், இறங்கினால் எந்தக் கைப் பக்கம் திரும்ப வேண்டும், மழை வந்தால் எங்கே ஒதுங்க வேண்டும். முப்பது வருடம் வண்டி ஓட்டின நான் அப்படி ஒரு திட்டம் போட்டதில்லை. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

விசாவுக்கும் ஒத்திகை. என் நாற்காலியில் என்னையே அதிகாரியாக உட்காரவைத்தார்.

"ஏம்மா தனியா வாரீக?" என்று நான் மிடுக்காகக் கேட்டேன்.

"ஏன், ரெண்டு பேரா வந்தா தள்ளுபடி தருவீகளா?"

"ஆச்சி, இப்படிப் பேசினா கதவைக் காட்டிருவான்."

"கதவு அவுக வச்சதுதானே, காட்டட்டும்" என்றார். ஆனாலும் ஒன்பது தடவை பேசிப் பேசிப் பதிலைப் பதமாக்கிக்கொண்டார். கடைசியில் சென்னையில் காகிதத்தை வாங்கினார்கள், கைரேகை எடுத்தார்கள், போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தக் கோபம் ஆச்சிக்கு ஒரு வாரம் இருந்தது.

பிறகுதான் பெரிய ஒத்திகை. காரைக்குடி ப்ராக். திருப்பத்தூர் வியன்னா. சிவகங்கை புடாபெஸ்ட். ப்ராடிஸ்லாவாவுக்கு ஊர் அகப்படாமல், நடுவே மதகுபட்டியில் இறங்கி டீ குடித்துவிட்டுப் போவதாக முடிவு. மூன்று நாள். தோளில் ஒரு நீலப் பை. தமிழ் பேசக் கூடாது. தெரிந்த ஆளிடம் உதவி கேட்கக் கூடாது.

"மூணு நாளைக்கு நான் ஒங்களுக்குத் தெரியாத ஆளு. வழியில பாத்தாச் சிரிக்கக் கூடாது" என்று எனக்குக் கட்டளை.

முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்குத் திருப்பத்தூரில் ஒரு லாட்ஜ் மேனேஜர் போன் பண்ணினார். என் டிரைவர்கள் அங்கே தங்குவதால் பழக்கமானவர்.

"அண்ணே, ஒரு ஆச்சி வந்திருக்காக. வாய் பேச வராது போல. போனைத் தட்டி நீட்டுறாக, அது ஜெர்மன்காரன் மாதிரி என்னமோ கத்துது. ஆதார்ல கண்டனூர்னு போட்டிருக்கு. ஒத்தப் பொம்பளைக்கு ரூம் குடுக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. என்னண்ணே செய்ய?"

நான் கிளம்பிப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், உதவி பண்ணத்தான் போனேன். வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியில், நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆச்சி உட்கார்ந்திருந்தார். "ஆச்சி" என்றேன். என்னை ஒரு மின்கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். போனைத் தட்டினார். போன் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னது. என்ன சொன்னதென்று எனக்குத் தெரியாது. ஆச்சியின் முகத்தைப் பார்த்தால் நல்ல வார்த்தையாக இருக்காது.

"அண்ணே, நீங்க தெரிஞ்சவுகதானே? நீங்க ஒரு கையெழுத்தைப் போடுங்க, சாவியைக் குடுத்துர்றேன்" என்றார் மேனேஜர்.

பேனாவை எடுத்தேன். ஆச்சி எழுந்து வந்து என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். சேலை கட்டின ஓர் ஆள் படம் போட்டார். பக்கத்தில் ஒரு கட்டில். அதற்குப் பக்கத்தில் ஒரு சாவி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதினார். பிறகு மீசை வைத்த இன்னோர் ஆளைப் போட்டு, அதன்மேல் குறுக்கே இரண்டு கோடு கிழித்தார். அட்டையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேனேஜர் அட்டையையும் என் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னண்ணே, ஒங்களை அடிச்சுப்புட்டாக!"

ஆச்சி இரண்டரை மணி நேரம் அசையாமல் இருந்தார். டீக்கடைக்காரர் வந்து பார்த்தார். ரூம் கூட்டுகிற அம்மா வந்து பார்த்து, "பாவம்யா, குடுத்துத் தொலைங்கய்யா. நம்மள்லாம் தனியா வந்தா ரோட்டுலயா படுக்கிறது?" என்று மேனேஜரை ஏசினார். மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி என்ன சொன்னாரோ, மேனேஜர் சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஆச்சி வாங்கிக்கொண்டு, "டாங்கே" என்று ஜெர்மன்காரன் நன்றி சொல்கிற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மாடியேறினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் அலுவலகத்துக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது, கண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஒத்திகைக்குள்ள ஏன் அண்ணே வந்தீக?"

"அந்த ஆளு போன் பண்ணினாரு ஆச்சி."

"வியன்னாவுல இருந்து போன் பண்ணினா வருவீகளா?"

"அது எப்படி முடியும்?"

"அப்பத் திருப்பத்தூருக்கும் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

இதற்குப் பிறகும் நான் ஒரு காரியம் செய்தேன். மறைக்க மாட்டேன். மகன் சென்னையிலிருந்து கூப்பிட்டான். "அண்ணே, ஆத்தா பிடிவாதம் ஒங்களுக்கே தெரியும். எங்க மாமியாருக்கு நான் விசா வாங்கிட்டேன். ஆத்தா போற அதே பிளேன், அதே ரயில், அதே ரூம்ல அவுகளுக்கும் போட்டுருங்க. ஆத்தாகிட்ட மட்டும் சொல்லாதீக." பெற்றவளைப் பற்றி மகன் கவலைப்படுகிறான், டிக்கெட் போடுவது என் தொழில். போட்டேன். சொல்லவில்லை.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது ஆச்சி பங்காளி வீடுகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார்: "சனிக்கிழமை காலையில சாமான் பரப்புறேன். வந்து பாருங்க." செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை வீடு நிறையப் பரப்பி வைப்பார்கள். ஊசியிலிருந்து அண்டா வரைக்கும் டஜன் கணக்கில் இருக்கும். உறவெல்லாம் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். ஐம்பத்தொன்பது வயதில் ஆச்சி எதைப் பரப்பப் போகிறார் என்று பார்க்க முப்பது பேர் வந்துவிட்டார்கள். நானும் டிக்கெட் காகிதங்களோடு போயிருந்தேன்.

வளவு என்கிற அந்தப் பெரிய உள்முற்றத்தில், நட்டநடுவே ஒரே ஒரு பாய். அதன்மேல் இரண்டு சுடிதார், ஒரு ஸ்வெட்டர், ஒரு ஜோடி ஷூ, குடை, மாத்திரை டப்பா, போன் சார்ஜர், பதின்மூன்று அட்டை, ஒரு பொட்டலம் பருப்புப் பொடி. எல்லாவற்றையும் நீலப் பைக்குள் அடக்கி, தொங்கு தராசில் மாட்டிக் காட்டினார். ஏழு கிலோ.

"கல்யாணத்துக்கு எங்க வீட்டுல பரப்பினது மூணு கட்டு நிறைய இருந்துச்சு. அதுல நான் தொட்டது பத்துச் சாமான் இருக்காது. இது பூராவும் நான் தொடுறது" என்றார்.

உறவுக்காரர்கள் சும்மா வரவில்லை. சீடை டின், முறுக்கு டின், ஊறுகாய் ஜாடி, சில்வர் கூஜா, பிள்ளையார் படம் என்று ஆளுக்கொன்றாகப் பாயைச் சுற்றி வைத்துவிட்டார்கள். "அவுகவுக சாமானை அவுகவுக எடுத்துக்கிட்டுப் போங்க" என்று ஆச்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பங்காளிப் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"சாமான் கெடக்கட்டும் ஆச்சி. தொணைக்கு ஒரு ஆளு இல்லாம..."

வாசலில் கார் நின்றது. கல் தரையில் சக்கரம் தடதடக்க ஒரு பெரிய பெட்டி வந்தது. பின்னாலேயே சம்பந்தி ஆச்சி, மகனுடைய மாமியார். பருத்த உடம்பு. கூரியர்காரனிடம் கையெழுத்துப் போடுவதற்குக்கூட வீட்டுக்குள் திரும்பி ஆளைக் கூப்பிடுகிறவர் என்று தேவகோட்டையில் சொல்வார்கள். பெட்டியை நீலப் பைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"நானும் வாரேன் ஆச்சி. மாப்பிள்ளை எல்லாம் போட்டுட்டாக. ஒங்ககிட்டச் சொல்லாம வச்சிருந்து சந்தோஷப்படுத்தணும்னாக."

வளவே பெருமூச்சு விட்டது. "நல்லதாப் போச்சு!" "தொணை ஆச்சு!" என்று நான்கு பக்கமும் குரல்.

சம்பந்தியை, அதுவும் முப்பது உறவுக்காரர்கள் முன்னால், வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அந்தக் குத்தல் மருமகள் தலையில் விழும். பிள்ளைகள் காலம் வரைக்கும் பேசுவார்கள். மகன் கணக்குப் போட்டுத்தான் அடித்திருந்தான். ஆச்சி என் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள், அடித்தவர்கள்கூட உண்டு. அந்தப் பார்வைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

"வாங்க ஆச்சி. ரொம்பச் சந்தோஷம். காபி சாப்பிடுங்க" என்றார்.

ஆச்சி தோற்றுவிட்டார் என்றுதான் நினைத்தேன். தோற்கடித்ததில் எனக்கும் பங்கு இருந்தது.

மறுநாள் நான் கடை திறக்கும்போதே படியில் நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"சம்பந்தி ஆச்சி டிக்கெட்டைத் திருப்பிப் போட முடியுமா?"

"ரத்துப் பண்ணணுமா ஆச்சி?"

"ரத்து எதுக்கு? திருப்பிப் போடணும். நான் ப்ராக்ல எறங்கி புடாபெஸ்ட்ல ஏறுறேன். அவுக புடாபெஸ்ட்ல எறங்கி ப்ராக்ல ஏறட்டும். துபாய் வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே பிளேன். அதுக்கு மேல அவுக அங்குட்டு, நான் இங்குட்டு."

"தம்பி கூடப் போகச் சொல்லியிருக்காரே?"

"அதே ஊருக, அதே பதிமூணு நாளு. கூடத்தானே அண்ணே போறோம்?"

அன்றைக்கே ஆச்சியை ஏற்றிக்கொண்டு தேவகோட்டைக்கு நானே காரை ஓட்டினேன். சம்பந்தி ஆச்சி கேட்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கு ஆச்சி."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரெண்டு பயத்தை ஒரே ரூம்ல போட்டா யாரும் தூங்க முடியாது. அதை விடுங்க. மாப்பிள்ளை சொன்னாகன்னு வாரீகளா, ஒங்களுக்கே ஆசையா?"

சம்பந்தி ஆச்சி சேலைத் தலைப்பை முறுக்கினார். பிறகு, "ட்ராம்னு ஒண்ணு ரோட்டுலயே ரயிலா ஓடுமாமே. அதுல சன்னல் ஓரமா ஒக்காந்து, எறங்காம, அது போற எடம் வரைக்கும் போகணும். யார்ட்டயும் சொன்னதில்ல. யாரும் கேக்கல" என்றார்.

"அப்ப என்னோட வந்தா நடக்காது. நான் எறங்கி எறங்கிப் பாலம் பாக்கிறவ."

மிச்சமிருந்த நாளெல்லாம் ஒத்திகை நடந்தது. தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குத் தனியாகப் பஸ்ஸில் வரச் சொன்னார் ஆச்சி. சம்பந்தி ஆச்சி தப்பான பஸ்ஸில் ஏறித் திருவாடானைக்குப் போய்விட்டார். காலையில் புறப்பட்டவர் மதியம் என் அலுவலகத்தில் வந்து விழுந்தார். நாங்கள் பதறிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "திருவாடானையில ஒரு கடையில புரோட்டா சாப்பிட்டேன் ஆச்சி. நானே ஒக்காந்து, நானே கேட்டு வாங்கி" என்றார். பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கின மாதிரி ஒரு முகம்.

திருச்சி விமான நிலையத்துக்கு மகன் வந்திருந்தான். இரண்டு அம்மாக்களும் சேர்ந்து உள்ளே போவதைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, "இப்பத்தான் அண்ணே நிம்மதி" என்று என் தோளைத் தட்டினான். மூன்றாம் நாள் இரண்டு பேரும் ஆளுக்கொரு படம் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டிலும் ஆறு வேறு, பாலம் வேறு. போனில் என்னைக் கிழித்துவிட்டான்.

"ஒங்களை நம்பித்தானே அண்ணே விட்டேன்!"

"தம்பி, ரெண்டு டிக்கெட் கேட்டீக. ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன். போறவுக எங்குட்டுத் திரும்பச் சொன்னாகளோ அங்குட்டுத் திருப்பியிருக்கேன். வண்டி ஓட்டுறவன் வேற யாரைக் கேக்கணும்?"

இனி என்னிடம் வண்டியே எடுக்க மாட்டேன் என்றான். எடுக்காதே. என்னிடம் பதினான்கு வண்டிக்கும் ஆள் வரிசையில் நிற்கிறார்கள்.

எதிரும் புதிருமாக வருவதால் வியன்னாவில் ஒரே ஒரு நாள் இருவரும் இருப்பார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பாலத்தில் சந்தித்து ஒரு காபி குடிப்பதாக ஏற்பாடு. அன்றைக்கு ஆச்சியின் குரல் போனில் பதிவாகி வந்தது. "அண்ணே, ஒண்ணரை மணி நேரமாப் பாலத்துல நிக்கிறேன். சம்பந்தி ஆச்சி வரல. போனும் எடுக்கல." மகனுக்குச் சொல்லலாமா என்று விரல் போனது, சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அடுத்த பதிவு. "சேதி வந்துருச்சு. 'ட்ராம்ல இருக்கேன் ஆச்சி, எறங்க மனசு வரல, ஊர்ல பாத்துக்குவோம்'னு அனுப்பியிருக்காக." ஆச்சி சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று தெரியவில்லை. ஆற்றுக் காற்று அவர் குரலைவிடப் பெரிதாக இரைந்தது.

திரும்பி வருவதற்கு முதல் நாள், ப்ராகிலிருந்து சம்பந்தி ஆச்சி என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, விசாவுல இன்னும் நாள் இருக்கா?"

"ஒரு வாரம் இருக்கு ஆச்சி."

"அப்ப எனக்கு ஒரு நாலு நாளு தள்ளிப் போடுங்க. மாப்பிள்ளை காதுக்கு..."

"போகாது ஆச்சி" என்றேன். போகவில்லை. ஆச்சிக்கே நான் சொல்லவில்லை.

திருச்சியில் காலை விமானம். மகன் பூமாலையோடு வந்து நின்றான். சண்டையை மறந்து என் பக்கத்திலேயே நின்றான். கதவு திறந்தது. ஷூ போட்ட காலோடு, தோளில் நீலப் பையோடு, ஆச்சி தனியாக வெளியே வந்தார். மகன் அவருக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தான். கூட்டம் வடிந்தது. கதவு மூடிக்கொண்டது.

"ஆத்தா, அத்தை எங்க?"

ஆச்சி ஒரு கணம் திரும்பி அந்த மூடின கதவைப் பார்த்தார். விமானத்தில் எங்கோ பின்னால் வருகிறார் என்று நினைத்திருந்த அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. உதட்டோரம் சிரிப்பில் துடித்தது.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் தனியாப் போனவ."